ஸ்ட்ரைக்கர் எங்கே போகும்? (வாசகர் கேள்வி பதில்)

இயக்க அமைப்புகளும் (நேரம் போகப் போக மாறிக்கொண்டே இருப்பவற்றின் கணக்கு) எர்காடிக் கோட்பாடும் என்று ஒரு பல்கலைக்கழகத்தில் ஐந்து நாள் பயிலரங்கு நடந்தது. ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியார் நான், இந்த வயதில் அங்கே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்த கதையைச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். இதையெல்லாம் யார் படிப்பார்கள் என்று ஆசிரியரே கேட்டார். வந்த கடிதங்களைப் பார்த்தால் முக்கால்வாசி நம்ம பக்கம்தான், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை. ஆகவே இந்த முறை சினிமாவுக்கும் அரசியலுக்கும் லீவு.

சார், நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். எர்காடிக், எர்காடிக்னு பத்து இடத்துல வருது, அது இன்னான்னு ஒரு இடத்துலயும் சொல்லலை. ஆட்டோ ஓட்டறவனுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. (வியாசர்பாடி வாசகர்)

நியாயமான அடி, வாங்கிக்கொண்டேன். கேரம் போர்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்த காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண், அதுவும் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். அதனால் இந்த ஏரியாவில் யாருக்கும் நான் கேரம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

நாலு குழியையும் அட்டை வைத்து அடைத்துவிடுங்கள். காய்களையும் எடுத்துவிடுங்கள். போர்டில் உராய்வே கிடையாது, ஒரு தடவை அடித்தால் ஸ்ட்ரைக்கர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், சைடு கட்டையில் எந்தக் கோணத்தில் படுகிறதோ அதே கோணத்தில் திரும்பும், ஸ்ட்ரைக்கரே ஒரு புள்ளிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள் (கணக்குக்காரர்கள் இப்படித்தான், இடைஞ்சலாக இருப்பதையெல்லாம் முதலிலேயே தூக்கிப் போட்டுவிடுவார்கள்). 45 டிகிரியில் அடித்தால் நாலு முட்டு முட்டிவிட்டுக் கிளம்பின இடத்துக்கே வந்து, அப்புறம் அதே தடத்தில் சுற்றிக்கொண்டு கிடக்கும். மூன்று அங்குலம் குறுக்கே போகும்போது இரண்டு அங்குலம் ஏறுகிற சாய்வு என்றால் பத்து முட்டில் திரும்ப வரும். சாய்வு இரண்டு முழு எண்களின் விகிதமாக இருக்கிற வரைக்கும் எத்தனை முட்டானாலும் கடைசியில் வீடு திரும்பிவிடும். ஷேர் ஆட்டோ மாதிரி, போன ரூட்டிலேயே போய் வரும்.

சாய்வு ரூட் 2 மாதிரி ஒரு விகிதமுறா எண்ணாக, அதாவது அப்படி விகிதமாக எழுதவே முடியாத எண்ணாக இருந்தால்தான் கூத்து. தடம் மூடவே மூடாது. போர்டில் எந்த இடத்தைக் காட்டினாலும், எவ்வளவு சின்ன இடமாக இருந்தாலும், என்றைக்காவது ஒரு நாள் ஸ்ட்ரைக்கர் அதற்குள் நுழைந்துவிட்டுப் போகும். அது மட்டுமில்லை, எவ்வளவு நேரம் அங்கே இருக்கும் என்பதையும் சொல்லிவிடலாம். போர்டு 74 சென்டிமீட்டர் சதுரம், நடுவில் இருக்கிற பெரிய வட்டத்தின் விட்டம் 17 சென்டிமீட்டர். பரப்பளவைப் போட்டுப் பார்த்தால் வட்டம் போர்டில் 100-க்கு 4 பங்குக்குக் கொஞ்சம் மேல். அப்படியானால் நீண்ட நேரத்துக்கு ஓடவிட்டுக் கணக்கெடுத்தால் ஒவ்வொரு மணி நேரத்திலும் சராசரியாக இரண்டரை நிமிடம் ஸ்ட்ரைக்கர் அந்த வட்டத்துக்குள் இருந்திருக்கும். ஸ்டாப் வாட்ச் வைத்துப் பார்த்த சராசரியும் ஸ்கேல் வைத்து அளந்த சராசரியும் ஒன்றாகிவிட்டது பாருங்கள், அதுதான் எர்காடிக். வாயு மூலக்கூறுகளுக்கு இது பொருந்தும் என்று நம்பிக் கணக்குப் போட்டவர் போல்ட்ஸ்மன், அது 19-ஆம் நூற்றாண்டு. எப்போது பொருந்தும் என்று 1931-ல் பிர்காஃப் சரியாக நிரூபித்தார், அதே சமயத்தில் ஃபான் நாய்மனும் வேறு வழியில் நிரூபித்தார்.

ஒரு சின்னக் கொசுறு. சதுரப் போர்டில் ஸ்ட்ரைக்கர் இடங்களையெல்லாம் சுற்றி வரும், ஆனால் அதன் திசைகள் நாலே நாலுதான், அடித்த கோணத்தை அது மறப்பதே இல்லை. நடுவில் போரிக் பவுடர் டப்பாவை ஒட்டி வைத்துவிட்டு அடித்துப் பாருங்கள். வளைந்த பரப்பில் பட்டதும் மயிரிழை வித்தியாசமும் பெரிதாகி, நாலைந்து மோதலில் ஸ்ட்ரைக்கர் எந்தக் கோணத்தில் கிளம்பியது என்ற தகவலே கரைந்துவிடும். இது இடம், திசை இரண்டிலும் எர்காடிக் என்று 1970-ல் நிரூபித்தவர் ரஷ்யாவின் யாகோவ் சினாய், 2014-ல் ஏபெல் பரிசு வாங்கினார். காயை நடுவில் அடிப்பதற்கும் ஓரத்தில் சீவுவதற்கும் என்ன வித்தியாசம் என்று தெரிந்த எவருக்கும் இதில் பாதி ஏற்கெனவே தெரியும்.

பஞ்சாங்கத்தில் கிரகணம் நிமிடக் கணக்காகச் சரியாக வருகிறது. மழை மட்டும் ஏன் தப்புகிறது? என் மாமனார் இன்னமும் மார்கழியில் கர்ப்போட்டம் (மேகத்தைப் பார்த்து வரப்போகும் மழையைச் சொல்வது) பார்ப்பவர், அவருக்காகக் கேட்கிறேன். (பழைய வண்ணாரப்பேட்டை வாசகி)

உங்கள் மாமனாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் அம்மா, கேள்வி இந்தப் பாடத்தின் மையத்திலேயே கை வைக்கிறது.

சந்திரன் ஒரு நாள் வேகமாகப் போகும், இன்னொரு நாள் மெதுவாகப் போகும், ஆனால் அந்த ஏற்ற இறக்கத்தை 248 நாளில் ஒன்பது முறை முடித்துவிட்டு ஏறக்குறைய பழைய நிலைக்கே வந்துவிடும். அதனால் 248 வாக்கியங்களை மனப்பாடம் பண்ணினால் போதும், வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயரே அப்படி வந்ததுதான். 1825-ல் ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரிக்குப் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளைப் பரப்பி, நினைவிலிருந்த வாக்கியங்களை வைத்தே அந்த வருஷத்துச் சந்திர கிரகணத்தைக் கணக்குப் போட்டுக் காட்டினார். பேப்பர் கிடையாது, பேனா கிடையாது. கிரகணம் பிடித்த நேரத்தில் 4 நிமிடம்தான் பிசகு. விட்ட நேரத்தில் 52 நிமிடம் பிசகு, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சிறு பிழை இருந்தாலும் அது சிறு பிழையாகவே நின்றது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம்.

காற்று அப்படி இல்லை, அது பவுடர் டப்பா வைத்த கேரம் போர்டு. இன்றைக்கு வெப்பத்தையும் அழுத்தத்தையும் அளப்பதில் ஒரு சின்னப் பிழை இருந்தால் அது இரண்டு மூன்று நாளில் இரட்டிப்பாகும், அப்புறம் திரும்பவும் இரட்டிப்பாகும், சுமார் இரண்டு வாரத்தில் கணிப்பே முழுகிப் போகும். எவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் வாங்கினாலும் இந்த எல்லை கொஞ்சம்தான் தள்ளிப் போகும். மார்கழியில் பார்த்த மேகம் ஐப்பசி மழையைச் சொல்லும் என்பதற்கு இந்தக் கணக்கில் இடமில்லை. மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். கிரகங்கள் மட்டும் ரொம்ப யோக்கியம் என்றும் நினைக்க வேண்டாம். சூரியக் குடும்பத்தின் உள்வட்டக் கோள்களும் கயாஸ்தான் (சின்னப் பிழையும் பெருகிக்கொண்டே போகிற இந்தக் குணத்துக்கு அதுதான் பெயர்) என்று 1989-ல் லாஸ்கர் என்ற பிரெஞ்சு வானியலாளர் காட்டினார், ஆனால் அங்கே பிழை பெருக ஐம்பது லட்சம் வருஷம் ஆகும், பஞ்சாங்க வியாபாரத்துக்கு அது போதும்.

பட்டாம்பூச்சி சிறகடித்தால் புயல் வருமாமே? அப்போ டிவிக்காரங்க சொல்ற புயலை எப்படி நம்பிக் கடலுக்குப் போறது? (காசிமேடு வாசகர்)

வராது. அது 1972-ல் லோரன்ஸ் என்ற அமெரிக்க வானிலை விஞ்ஞானி பேசிய ஓர் உரையின் தலைப்பு, அந்தத் தலைப்பையும் அவர் வைக்கவில்லை, கூட்டத்தை ஏற்பாடு செய்தவர் வைத்தது. சிறகடிப்பு புயலைக் கிளப்பலாம் என்றால் கிளம்பவிருந்த புயலைத் தடுக்கவும் செய்யலாம் என்று அவரே அந்த உரையில் சொன்னார், அதை யாரும் சொல்வதில்லை. 1961-ல் அவர் கம்ப்யூட்டரில் 0.506127 என்பதற்குப் பதிலாக 0.506 என்று அடித்துவிட்டு காபி குடிக்கப் போய்த் திரும்பி வந்து பார்த்தபோது வானிலையே வேறாக இருந்தது, கதை அங்கேதான் தொடங்கியது.

நம்புவது பற்றி: புயலுக்கு ஒரே ஒரு கோடு போட்டுக் காட்டினால் அதை ரொம்ப நம்பாதீர்கள், விசிறி மாதிரி பல கோடுகளைக் காட்டினால் நம்புங்கள். ஐரோப்பிய வானிலை மையம் 1992-லிருந்தே ஆரம்ப எண்களைத் துளித்துளி மாற்றி ஒரே கணக்கைப் பல தடவை ஓட்டுகிறது, 51 தடவை ஓட்டுவது வழக்கம். கோடுகள் ஒட்டிப் போனால் நிச்சயம் அதிகம், விரிந்தால் குறைவு. கரை கடக்கும் இடத்தை மட்டும் பார்த்து ஏமாறவும் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் கரை கடந்தது ஆந்திராவில் பாபட்லா பக்கத்தில், தண்ணீர் நின்றது நம்ம தெருவில். கொடி ஏற்றி எச்சரிக்கை கொடுத்தால் போகாதீர்கள் அண்ணே, இதில் கணக்கு ஒன்றும் வேண்டியதில்லை.

சார், நான் எம்.எஸ்சி. கணிதம் முதல் வருஷம். பிளஸ் டூ வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்ல தமிழ் மீடியம். இந்த மாதிரி பயிலரங்குக்குப் போனா எனக்குப் புரியுமா? செலவு எவ்வளவு ஆகும்? வீட்டுல கேக்கவே பயமா இருக்கு. (தண்டையார்பேட்டை மாணவி)

கட்டாயம் போம்மா. புரியுமா என்றால், முதல் நாள் புரியும், இரண்டாம் நாள் மத்தியானம் புகை மூட்டமாகிவிடும், அது உனக்கு மட்டுமில்லை, முன் வரிசையில் தலையாட்டிக்கொண்டிருக்கிறவர்களில் பாதிப் பேருக்கும்தான்.

நான் முதன்முதலில் போன பயிலரங்கை இன்னும் மறக்கவில்லை. ஊர், பெயர் வேண்டாம். போர்டில் எழுதியவர் ஒவ்வொரு தேற்றத்திலும் ‘ஆல்மோஸ்ட் எவ்ரிவேர்’ என்று சொல்லிக்கொண்டே போனார். ஏறக்குறைய எல்லா இடத்திலும் என்று நான் எடுத்துக்கொண்டேன், என்னடா இவர் கணக்கில் போய் ஏறக்குறைய என்கிறாரே, கறாராகப் பேசத் தெரியாத மனுஷன் போல என்று இரண்டு நாள் மனதுக்குள் அவரைக் குறைத்துவேறு மதிப்பிட்டேன். மூன்றாம் நாள் தைரியம் வந்து எழுந்து கேட்டேன். அவர் சிரித்தார், ஹாலும் சிரித்தது. இது எம்.எஸ்சி.யிலேயே தெரிந்திருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். டீ இடைவேளையில் கேரளாவிலிருந்து வந்திருந்த ஒரு பையன்தான் டிஷ்யூ பேப்பரில் எழுதிக் காட்டினான்: விதிவிலக்கான புள்ளிகள் இருக்கலாம், முடிவில்லாமல்கூட இருக்கலாம், ஆனால் அவற்றின் மொத்த அளவு பூஜ்யம், அதைவிடக் கறாரான வார்த்தை கிடையாது. கேரம் போர்டில் விகிதமுறு சாய்வுகள் இருக்கிறதே, அவை முடிவில்லாமல் இருந்தும் அளவு பூஜ்யம்தான், கண்ணை மூடிக்கொண்டு ஒரு சாய்வைத் தொட்டால் அதில் ஒன்று சிக்குவதற்கு வாய்ப்பே இல்லை என்று சொல்லலாம். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது, அந்தப் பேப்பரை இன்னும் வைத்திருக்கிறேன்.

போவதற்கு முன்னால் மெய்ப் பகுப்பாய்வும் லீனியர் அல்ஜீப்ராவும் கையில் இருக்கட்டும், மெஷர் தியரி கொஞ்சமாவது தொட்டுப் பார்த்திரு. அங்கே எல்லாத் தேற்றத்தையும் பிடிக்கப் பார்க்காதே. ஒரே ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு, புதிதாக ஒரு சொல் வரும்போதெல்லாம் அந்த உதாரணத்தில் அது என்ன ஆகிறது என்று நோட்டில் போட்டுப் பார்.

செலவைப் பற்றிப் பயப்படாதே. தேசிய கணித மையம் நடத்தும் ஏடிஎம் (அட்வான்ஸ்ட் டிரெயினிங் இன் மேத்தமேடிக்ஸ்) பள்ளிகளில் தேர்வானால் பயணப்படி, தங்கும் இடம், சாப்பாடு அவர்களே பார்த்துக்கொள்வதுதான் வழக்கம். குமரேசன் என்ற பேராசிரியர் 1993-ல் ஆரம்பித்த எம்டிடிஎஸ் (மேத்தமேடிக்ஸ் டிரெயினிங் அண்ட் டேலன்ட் சர்ச்) கோடை வகுப்புகளில் வாத்தியார் சொல்வதை எழுதிக்கொள்வதைவிடக் கேள்வி கேட்பதற்குத்தான் மரியாதை. ஊருக்குள்ளேயே தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பார்க் டவுனில் பறக்கும் ரயில் மாறினால் தரமணி. வீட்டில் பேச வேண்டுமானால் உன் கல்லூரி ஆசிரியை ஒருவரை முதலில் பேசச் சொல்.

ராமானுஜன் இதையெல்லாம் அப்பவே கண்டுபிடிச்சிட்டாருன்னு வாட்ஸ்அப்பில் வந்ததே, உண்மையா? (ராயபுரம் வாசகர்)

இல்லை. அவர் 1920-ல் போய்ச் சேர்ந்தார், பிர்காஃப் தேற்றம் 1931. நம்ம துறைமுகத்தில் 1912 மார்ச்சில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தது உண்மை, ஜார்ஜ் டவுன் சைவ முத்தையா முதலி தெருவில் குடியிருந்ததும் உண்மை, அந்தப் பெருமையே போதாதா? ஒரு தூரத்துச் சொந்தம் இருக்கிறது. அவர் உயிராக நேசித்த தொடர் பின்னங்களில் (பின்னத்துக்குக் கீழே பின்னம், அதற்கும் கீழே பின்னம் என்று இறங்கிக்கொண்டே போவது) ஏறக்குறைய எந்த எண்ணை எடுத்து விரித்தாலும் (கறாரான ஏறக்குறைய) 100-க்கு 41 அல்லது 42 இடத்தில் 1 வரும், இதுவும் ஸ்ட்ரைக்கர் மாதிரி நீண்ட ஓட்டத்துச் சராசரிதான். இதன் வேர் 1812-ல் காஸ் லாப்லாஸுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது, நிரூபணத்தைக் கொடுத்தவர் 1928-ல் குஸ்மின். பி.கே. சீனிவாசன் என்ற கணக்கு ஆசிரியர் 1993-ல் தொடங்கிய ராமானுஜன் அருங்காட்சியகம் உங்கள் ராயபுரத்திலேயே இருக்கிறது. வாட்ஸ்அப்பை மூடிவிட்டு ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.

துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். பேப்பர், பேனாவில் நானே செய்து பார்க்கிற மாதிரி ஒன்று கொடுங்கள். (திருவொற்றியூர் வாசகர்)

1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வோர் எண்ணின் முதல் இலக்கத்தை மட்டும் தனியே எழுதுங்கள். 1, 2, 4, 8, 1, 3, 6, 1, 2, 5 என்று வரும். அடுத்த பத்தும் அதேதான், அதற்கடுத்த பத்தும் அதேதான். நாற்பது எண் வரைக்கும் போனால், இதில் 7-உம் 9-உம் வரவே வராது என்று நீங்கள் சத்தியம் செய்யத் தயாராகிவிடுவீர்கள். கொஞ்சம் பொறுங்கள். 46-ஆவது இரட்டிப்பில் 70368744177664 வரும். 53-ஆவதில் 9.

இரட்டிப்பது என்றால் மடக்கையில் 0.30103 கூட்டுவது. தசமப் பகுதியை மட்டும் பார்த்தால் ஒரு வட்டத்தில் ஒவ்வொரு தடவையும் அதே அளவு நகர்கிறோம். பத்து நகர்வு சேர்ந்தால் 3.0103, ஏறக்குறைய மூன்று முழுச் சுற்று (இது கறாரில்லாத ஏறக்குறைய), அதனால்தான் பத்து பத்தாகத் திரும்புவது போல ஏமாற்றுகிறது. ஆனால் எண் விகிதமுறாதது, எனவே வட்டம் முழுவதையும் சமமாக மிதித்துவிடும், இதற்கு ஹெர்மன் வைலின் 1916-ஆம் வருஷத்துக் கட்டுரை ஆதாரம். கடைசியில் 1-க்கு 100-க்கு 30 பங்கு, 7-க்கு 5.8, 8-க்கு 5.1. முதல் 7 வருவதற்குள் 8 ஐந்து தடவை வந்துவிடுகிறது, ஆனாலும் நீண்ட ஓட்டத்தில் 7-தான் அதிகம். இதைக் கையால் போட்டுப் பார்க்காமல் நான் சொல்வதை நம்பாதீர்கள்.

தலை விழுந்தால் பணம் 50 சதவீதம் கூடும், பூ விழுந்தால் 40 சதவீதம் குறையும், சராசரியாக 5 சதவீத லாபம் என்று என் மைத்துனர் ஒரு விளையாட்டில் பணம் போடச் சொல்கிறார். (பெரம்பூர் வாசகர்)

போடாதீர்கள். 100 ரூபாய் ஒரு தலையில் 150, அடுத்த பூவில் 90. இருபது ஆட்டத்தில் பத்து தலை, பத்து பூ விழுந்தால் கையில் சுமார் 35 ரூபாய்தான் நிற்கும். ஆயிரம் பேர் ஆடினால் அத்தனை பேரின் சராசரி உண்மையிலேயே ஏறும், ஆனால் ஏற்றுவது அதிர்ஷ்டம் அடித்த சில பேர், நீங்கள் ஒரு ஆள். ஊர்ச் சராசரி வேறு, உங்கள் ஆயுள் சராசரி வேறு, இது எர்காடிக் இல்லை. மைத்துனரிடம் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுங்கள்.

பயிலரங்கில் சாப்பாடு எப்படி? (கொருக்குப்பேட்டை வாசகர்)

சாம்பார் எர்காடிக். எந்தக் கரண்டியில் எடுத்தாலும் ஒரே அளவு காய், அதாவது இல்லை.

சென்ற இதழில் ‘விகிதமுறா சாய்வில் அடித்த ஸ்ட்ரைக்கர் நான்கு மூலைப் புள்ளிகளையும் தொட்டே தீரும்’ என்று எழுதியிருந்தீர்கள். அது தப்பு சார். (கொடுங்கையூர், பிளஸ் டூ மாணவர்)

தப்புதான் தம்பி. போர்டுகளைக் கண்ணாடிப் பிம்பமாகப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிக்கொண்டே போனால் ஸ்ட்ரைக்கரின் பாதை ஒரே நேர்கோடாகிவிடும், மூலைகளெல்லாம் முழு எண் புள்ளிகளாகிவிடும், அந்தக் கோடு இரண்டு மூலைகளைத் தொட்டால் சாய்வு இரண்டு முழு எண்களின் விகிதம் என்று ஆகிவிடும், ஆகவே அதிகபட்சம் ஒரே ஒரு மூலையைத்தான் தொட முடியும் என்று நீ எழுதியிருக்கிற நாலு வரியும் சுத்தம். மற்ற மூலைகளுக்கு எவ்வளவு பக்கத்தில் வேண்டுமானாலும் போகும், தொடாது. நிஜக் குழி அகலமானது, அதில் விழத்தான் செய்யும் என்று சப்பைக்கட்டு கட்டப் பார்த்தேன், ஆனால் நான் எழுதியது புள்ளி.

ஸ்வீடன் மன்னர் ஆஸ்கரின் பிறந்தநாளுக்காக அறிவித்த 2500 குரோனர் பரிசை 1889-ல் வாங்கிய பிறகுதான், அச்சாகிக்கொண்டிருந்த தன் கட்டுரையில் பெரிய ஓட்டை இருப்பதை பிரெஞ்சுக் கணித மேதை பொயன்கரே கண்டார். பதிப்பு வேலை பார்த்துக்கொண்டிருந்த ஃப்ராக்மன் என்ற இளைஞர் இது புரியவில்லை, அது புரியவில்லை என்று கேட்ட கேள்விகள்தான் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தின. வெளியே போயிருந்த பிரதிகளைத் திரும்ப வாங்கினார்கள். திருத்தி மறுபடி அச்சடித்த செலவு 3585 குரோனர், அதை பொயன்கரே தன் பையிலிருந்து கொடுத்தார், பரிசைவிட ஆயிரத்துச் சொச்சம் அதிகம். கயாஸ் முதலில் தலை காட்டியது அந்தத் திருத்திய கட்டுரையில்தான். என் தப்பிலிருந்து அப்படியெல்லாம் எதுவும் கிளம்பாது. இந்த இதழுக்கு எனக்கு வரும் சன்மானத்தை உன் முகவரிக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன், ஒரு நல்ல ஸ்ட்ரைக்கர் வாங்கிக்கொள்.